எரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்

கத்தியைப் பிடித்த கையிலும் கனிவை விடாத, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமை மருத்துவர் அவர்களே! மூச்சு எங்கே நிற்க வேண்டும், நாக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று பெரியவர்களுக்குப் பிள்ளைப் பாடம் சொல்லித்தரும் குரல் பயிற்சியாளர்களே! கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணில் பேச்சைத் தேக்கிக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே! அவர்கள் சொல்லாததையும் கேட்டு, கேட்டதையெல்லாம் செய்து, செய்ததைச் சொல்லிக் காட்டாத தாய்மார்களே! சர்வர் அறையிலிருந்து ஏறக்குறைய இழுத்துவரப்பட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து, தப்பி ஓட வழி தேடிக்கொண்டிருக்கும் நெருப்பக்கா அவர்களே! அந்த வழியை மறித்துக் கால் நீட்டி அமர்ந்திருக்கும் பச்சை அண்ணன் அவர்களே! வலது ஓரத்தில், மடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு, "சத்தமாப் பேசு" என்று எனக்குக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டும் என் அப்பா அவர்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

தட்டுகிறீர்கள், கேட்கிறது. புதிதாக வந்திருக்கும் விருந்தினர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குரல்வளையை எடுத்துவிட்டவர்கள் கூடும் அவை இது. இங்கே ஆரவாரம் வாயில் வராது, நாற்காலியின் கைப்பிடியில் வரும். கைப்பிடியைத் தட்டினால் மகிழ்ச்சி என்று பொருள். காலால் தரையைத் தேய்த்தால் "போதும், இறங்கு" என்று பொருள். நீங்கள் தேய்க்கத் தொடங்குவதற்குள் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

தீயை அணைத்தவரைப் பாராட்டாத மேடை உண்டா? வெள்ளத்தில் குதித்தவரைப் போற்றாத வாய் உண்டா? நான் பாராட்ட வந்திருப்பவர் தீயை அணைத்தவர் அல்லர். தீயே இல்லாத நாளில், திடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினின் மேல், "எரிந்துவிட்டது" என்று தாளில் எழுதி ஒட்டியவர். அதனால்தான் அவருக்கு நெருப்பக்கா என்று பெயர். அந்தத் தாளை அவர் ஒட்டியபோது முதலில் கத்தியது நான். கத்தினேன் என்றால் என் அளவுக்குக் கத்தினேன். என் குரலின் அளவு உங்களுக்கே இப்போது தெரிகிறது.

என் அப்பா மொத்த விற்பனைச் சந்தையில் ஏலம் விடுகிறவர். அவருக்குக் கடை இல்லை, நிலம் இல்லை, வண்டி இல்லை. குரல் இருந்தது. வெங்காய மூட்டையின் மேல் ஏறி நின்று, "ஒரு தரம்!" என்று அவர் கூப்பிட்டால் வாசலில் வண்டி நிறுத்துகிறவர் திரும்பிப் பார்ப்பார். "ரெண்டு தரம்!" என்றால் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுவார்கள். "மூணு தரம்!" என்றால் முடிந்தது, மூட்டை கைமாறிவிட்டது. மூன்றாவது தரம் சொல்லும்வரை எந்தப் பொருளும் யாருக்கும் சொந்தமில்லை. அதுதான் சந்தையின் சட்டம்.

அந்தக் குரல் கரகரத்தது, கட்டிக்கொண்டது, கடைசியில் கத்தி வைத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், உசுரு இருக்கும். சரி. அப்புறம் நான் எதை வெச்சு ஏலம் விடுறது?"

அதற்கு இந்த மையத்தில் ஒரு பதில் இருந்தது. அறுவைக்கு முன்பே குரலைப் பதிவு செய்து வைத்துவிடலாம். பிறகு அந்தப் பதிவைக் கொண்டு சர்வரில் அவர் குரலையே கட்டி எழுப்பலாம். சின்னப் பெட்டியில் அவர் தட்டும் எழுத்து காற்று வழியே சர்வருக்குப் போகும், அவர் குரலாகத் திரும்பி வரும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, மைக் முன்னால், கொடுத்த வாக்கியங்களையெல்லாம் அப்பா வாசித்தார். கொடுக்காத வாக்கியங்களையும் வாசித்தார். "யோவ், கால எடுய்யா, மூட்டை மேல நிக்கிற!" என்பதும் அதில் உண்டு. பதிவு செய்த பயிற்சியாளர் அம்மா "இதெல்லாம் வேணுமாங்க?" என்று கேட்டதற்கு, "இது இல்லாம சந்தையில ஒரு நாள் ஓட்ட முடியாதும்மா" என்றார்.

அறுவை முடிந்தது. உயிர் மிஞ்சியது, ஓசை போனது. பெட்டி தயாராகும்வரை சந்தையில் அப்பாவின் குரலாக நின்றது நான். பள்ளிக்கூடத்தை அப்போதே விட்டிருந்தேன். மூட்டையின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். அப்பா விரலைக் காட்டுவார், நான் தரம் சொல்வேன். என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. "ஏம்மா, ஏலம் விடுறியா, ரகசியம் சொல்றியா?" என்று ஒரு வியாபாரி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. குரல்வளை இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டியைத் தருவதாகச் சொன்ன நாள் வந்தது. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அப்பா வந்தார். சர்வர் அறை வாசலில் போய் நின்றால், நெருப்பக்கா மெஷினின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறார்!

"அக்கா, இன்னைக்குத்தானே எங்கப்பாவுக்குப் பெட்டி தர்றதாச் சொன்னீங்க?"

"இன்னைக்கு இது எரிஞ்சுபோச்சும்மா."

"எங்க எரிஞ்சுது? லைட்டு மினுமினுன்னு இருக்கே!"

"எரிஞ்சுடுச்சுன்னு வெச்சுக்க."

"எப்படி வெச்சுக்கிறது? வெளையாடுறீங்களாக்கா?"

"ஆமா. நெஜமா எரியுறப்ப வெளையாட முடியாதுல்ல?"

யாருக்குத்தான் கோபம் வராது? சொல்லுங்கள்! வந்தது. ஆனால் அங்கே நடந்ததை வாசலில் நின்று பார்க்கப் பார்க்க, அந்தக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

நெருப்பக்கா இந்த மையத்துக்குப் புதிதாக வந்திருந்தார். சர்வரைக் கட்டியவர், காத்தவர், கண்போல் வைத்திருந்தவர் பச்சை அண்ணன். பேக்கப், அதாவது எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது, முடிந்ததா என்று தினமும் காலையில் மெயில் வரும். முடிந்தால் பச்சை நிறம். "எல்லாம் பச்சை!" என்று அவர் எல்லா மேசைக்கும் போய்ச் சொல்வார். அதனால் அந்தப் பெயர். கோபப்படாதீர்கள் அண்ணா, உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பாருங்கள், அவரே முதலில் தட்டுகிறார்!

நெருப்பக்காவின் விளையாட்டுக்கு ஒரு விதி. மெஷினைக் கட்டியவர் மீட்கக் கூடாது. அவர் தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வேறொருவர், எழுதி வைத்திருக்கும் தாளை மட்டும் படித்து, வெறும் மெஷின் ஒன்றில் எல்லாவற்றையும் உயிர்ப்பிக்க வேண்டும். பச்சை அண்ணன் கைகளின் மேல் உட்கார்ந்தார். நெருப்பக்கா தாளைப் படித்தார்.

"'வழக்கமான பாஸ்வேர்டைப் போடவும்.' வழக்கமானதுன்னா எது தம்பி?"

"வழக்கமாப் போடுறதுதாங்க்கா."

"யாருக்கு வழக்கம்?"

"எனக்கு."

"நீங்களும் எரிஞ்சுட்டீங்க தம்பி. எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"பத்திரமா சர்வர்லயே வெச்சிருக்கேன்க்கா."

"எந்த சர்வர்ல?"

கைகள் அடியில் மாட்டியிருந்ததால், பச்சை அண்ணன் முகவாயை நீட்டிக் காட்டினார். "எரிந்துவிட்டது" என்ற தாள் அங்கிருந்து எங்களைப் பார்த்தது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அடுத்து நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. பாஸ்வேர்டை ஒருவழியாக வாங்கி, பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி, வெறும் மெஷினில் மாட்டித் திறந்தார் நெருப்பக்கா. திரையைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். டிஸ்க்கில் இருந்ததெல்லாம் பழையது. அப்பா மைக் முன்னால் உட்கார்வதற்கு வெகுநாள் முந்தையது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட அதில் ஏறவில்லை.

"மெயில் எல்லாம் பச்சைக்கா! தினமும் பச்சைக்கா!" என்றார் அண்ணன்.

பச்சையும் பொய் சொல்லவில்லை, அண்ணனும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பேக்கப் எங்கே போனது? யூனிக்ஸ் சர்வரின் குணம் அது. வெளியே இருக்கும் டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு இணைத்தால்தான் அதில் எழுதுவது வெளியே போகும். மவுண்ட் செய்வது என்பார்கள். எப்போதோ கரண்ட் போய் வந்திருக்கிறது. சர்வர் எழுந்திருக்கிறது, டிஸ்க் இணையவில்லை. ஃபோல்டர் மட்டும் அதே பெயரில் அங்கேயே இருந்திருக்கிறது. சந்தையில் வளர்ந்த எனக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. லாரி போய்விட்டது. லாரி நின்ற இடத்திலேயே சுமைக்காரர் மூட்டையை அடுக்கிக்கொண்டிருக்கிறார். மாலையானால் முதலாளியிடம் வந்து, "எல்லாம் ஏத்தியாச்சுங்க" என்கிறார். உண்மையாகத்தான் சொல்கிறார். உழைத்துத்தான் அடுக்கியிருக்கிறார். ஆனால் மூட்டை கிடங்கை விட்டு நகரவே இல்லை! எந்த மெஷின் கெட்டால் தேவைப்படுமோ, அந்த மெஷினுக்குள்ளேயே பேக்கப்பும் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அப்பாவின் குரல் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு மெஷினில். மறுபடி பதிவு செய்யலாமா? எந்தத் தொண்டையைக் கொண்டு? மறுபடி வாசிக்கச் சொல்லலாமா? எந்த வாயைக் கொண்டு?

நெருப்பக்கா எழுந்தார். மெஷினின் மேல் ஒட்டிய தாளைத் தூங்கும் குழந்தையின் முகத்திலிருந்து போர்வையை விலக்குவதுபோல் மெல்ல எடுத்தார். அதனிடமே சொன்னார்: "எரியாத. இன்னைக்கு மட்டும் எரியாத."

தப்பை மூடி மறைக்க எத்தனை வழிகள் இருந்தன! எங்களை வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் நேரே அப்பாவிடம் வந்தார்.

"ஐயா, உங்க குரல் இந்த ஒரே ஒரு மெஷின்லதான் இருக்கு. இன்னொரு எடத்துல இருக்குன்னு நெனைச்சோம், இல்ல. தப்பு எங்களோடது. சாயங்காலத்துக்குள்ள வேற எடத்துல வெச்சுடுவோம். நீங்க கூடவே உக்காந்து பாத்துக்கலாம்."

அப்பா கையிலிருந்த பலகையில் எழுதிக் காட்டினார்: "டீ கிடைக்குமா?"

தட்டுங்கள், தட்டுங்கள், அப்பாவுக்கு அது பிடிக்கும்.

அன்றைக்கே கண்ணாடி அறையில் டாக்டரோடு கூட்டம் போட்டார்கள். நெருப்பக்கா இரண்டே கேள்விகள் கேட்டார். "டாக்டர், எல்லாம் நின்னுபோச்சுன்னா எவ்வளவு நேரம் பொறுப்பீங்க? எவ்வளவு பதிவு போனாப் பரவால்ல?"

"ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியாது. எதுவுமே போகக் கூடாது."

"அப்ப இதே மாதிரி இன்னொரு கட்டடம் கட்டுங்க டாக்டர். அதுல நான் இன்னொரு டாக்டரையும் வெச்சுடுறேன்."

டாக்டர் அவர்களே, நீங்கள் அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தீர்கள். எல்லாம் நின்றால் எதை முதலில் மீட்பது என்று பேச்சு வந்தது; கணக்கு முதலில் வரட்டும், சம்பளம் முதலில் வரட்டும் என்று கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நெருப்பக்கா ஒரே வாக்கியத்தில் முடித்தார். "கணக்கு போனா திரும்ப எழுதலாம். குரல் போனா யாரைத் திரும்பப் பேசச் சொல்றது?" அன்று முடிவானது, எது நின்றாலும் முதலில் எழ வேண்டியது குரல்தான் என்று.

பிறகு அவர் செய்த ஏற்பாட்டை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேக்கப் இனி எழுதும். லாரி இல்லையென்றால் மூட்டையைத் தூக்காது, சிவப்பு மெயில் அனுப்பிச் சத்தம் போடும். இன்னொரு நகல், பூட்டுப் போட்டு, தெருமுனையில் இருக்கும் நம் மையத்தின் கிளை நிலையத்துக்குத் தினமும் போகும். அந்தப் பூட்டின் சாவி இந்த மெஷினுக்குள் இருக்காது. இன்றைக்கு ஒருவர் தவறி அழித்தது நாளைய நகலிலும் அழிந்துபோகாமல், பழைய நகல்களும் காத்திருக்கும். அதோடு விட்டாரா? இல்லை. முறை வைத்து, தான் புதிதாக எழுதிய தாளைப் பச்சை அண்ணன் கையில் கொடுத்து, அந்த நகலை வெறும் மெஷினில் உயிர்ப்பிக்கச் சொல்லி, ஓட விட்டு, காதால் கேட்ட பிறகுதான் அதை பேக்கப் என்று அழைப்பார்.

எனக்கு அது என்னவாகத் தோன்றியது தெரியுமா? நகல் எடுப்பது ஒரு தரம். வேறிடத்தில் வைப்பது இரண்டு தரம். மீட்டுப் பார்ப்பது மூன்று தரம். மூன்றாவது தரம் சொல்லும்வரை எந்தப் பொருளும் யாருக்கும் சொந்தமில்லை!

பின்வரிசையில் யாரோ காலைத் தேய்க்கிறார்கள். ஐயா, இன்னும் கொஞ்சம்தான். மழை வருவதற்குள் எழுந்துபோனால் எப்படி?

ஆம், மழை பெய்தது. கட்டடத்துக்குள்ளேயே பெய்தது. அப்பா பெட்டியோடு சந்தைக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு முற்பகல். வெங்காய ஏலம். மூட்டையின் மேல் அப்பா நிற்கிறார். பட்டனை அழுத்துகிறார். "ஒரு தரம்!" வாசல்வரை போகிறது குரல். மீண்டும் அழுத்துகிறார். "ரெண்டு தரம்!" கூட்டம் அடங்குகிறது. மூன்றாவது முறை அழுத்துகிறார். ஒன்றும் வரவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். இல்லை.

"ஏலக்காரரே, மூணாவது தரம் எங்க?" என்றார் மூட்டையைக் கேட்ட வியாபாரி. "அதுக்குள்ள வெங்காயம் முளைச்சிரும் போலிருக்கே!"

அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, எனக்கு இந்த மையத்தின் பக்கம் கைகாட்டினார். ஓடினேன்.

சர்வர் அறைக்கு மேலே தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. கூரைப் பலகை பெயர்ந்து தொங்கியது. தண்ணீர் மெஷினின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. முட்டியளவு மடித்த பேண்ட்டோடு பச்சை அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நிற்கிறார். விளையாட்டு இல்லை. தாள் இல்லை. உண்மையாகவே போய்விட்டது. நெருப்பக்கா? காய்ச்சலில் வீட்டில் படுத்திருக்கிறார்! அண்ணன் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அக்கா, சர்வர் போச்சுக்கா. வண்டி அனுப்புறேன், கொஞ்சம் வாங்க."

இருமல் கேட்டது. பிறகு பதில் வந்தது. "நான் வர மாட்டேன்."

"அக்கா!"

"நானும் எரிஞ்சுட்டேன்னு வெச்சுக்கங்க தம்பி. கிளை நிலையத்துல வெறும் மெஷின் இருக்கு, தாள் இருக்கு. படிச்சுப் படிச்சு செய்ங்க. போன முறை நீங்கதானே செஞ்சீங்க?" போன் நின்றுவிட்டது.

என்ன மனம் அது! நான் இல்லாமல் நடக்காது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் எத்தனை பேர்! நான் இல்லாவிட்டாலும் நடக்க வேண்டும் என்று உழைக்க எத்தனை பேர்?

பச்சை அண்ணன் நனைந்த காலோடு தெருமுனைக்கு ஓடினார், பின்னால் நான். அவர் உட்கார்ந்தார். தாளைப் பிரித்தார். ஒரு வரி படிப்பார், ஒரு வரி தட்டுவார். வழக்கமான பாஸ்வேர்டு என்று அதில் எங்கும் இல்லை. எந்தச் சாவி, எந்த உறை, யாரிடம் என்று இருந்தது. முதலில் எழ வேண்டியது குரல் என்று இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் எறும்பு வரிசையாய் ஊர்ந்தன. ஊர்ந்து, ஊர்ந்து, நின்றன. அண்ணனின் விரல் கடைசிப் பட்டனுக்கு மேலே அப்படியே நின்றது. "நீ அழுத்தும்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றார். நான் அழுத்தினேன்.

"யோவ், கால எடுய்யா, மூட்டை மேல நிக்கிற!"

அண்ணன் துள்ளி எழுந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். திட்டு வாங்கி ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சந்தையில் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? வியாபாரி போகவில்லை. மூட்டையும் போகவில்லை. வெயில் சாயும் நேரம். அதே மூட்டையின் மேல் அப்பா ஏறினார், பட்டனை அழுத்தினார். "மூணு தரம்!" காலையில் தொடங்கி மாலையில் முடிந்த ஏலம் எங்கள் சந்தையில் அது ஒன்றுதான்.

அவையோரே! அந்தக் குழாய் வெடிப்பதை நெருப்பக்கா தடுக்கவில்லை. யாராலும் தடுக்க முடியாது. கூரை ஒழுகும், கம்பி கருகும், கை தவறும், காய்ச்சல் வரும். ஆனால் உடைந்த அந்த நாளில் ஒரு மனிதரின் குரல் உடையாமல் இருந்ததே, அது யார் செய்தது? ஒன்றும் நடக்காத ஒரு நாளில், ஒருவர் தாள் ஒட்டினார், திட்டு வாங்கினார், தன் அறையின் தவறைத் தானே தேடிப் பிடித்து வெளியே சொன்னார். ஒருவர் கைகளின் மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இந்த அரங்கில் பெட்டி வைத்திருக்கும் அத்தனை பேரும் இன்று பேசுகிறீர்கள் என்றால், அந்த ஒன்றும் நடக்காத நாளால்தான் பேசுகிறீர்கள்!

போதும். இவ்வளவு நேரம் இவ்வளவு பேர் என்னைக் கேட்டது இதுவே முதல் முறை. மூன்றாவது வரிசையைத் தாண்டியதா என்று தெரியவில்லை. தாண்டியதா? தட்டுகிறீர்கள். கடைசி வரிசையும் தட்டுகிறது. மகிழ்ச்சி.

நெருப்பக்கா, எழுந்து நில்லுங்கள். பச்சை அண்ணா, அவரை விட்டுவிடாதீர்கள், நீங்களும் நில்லுங்கள். பொறுமையாய்க் கேட்ட தலைவருக்கும் பெரியோர்க்கும் தாய்மார்க்கும் ஒரு தரம் நன்றி. இந்த இருவருக்கும் எங்கள் வீட்டின் சார்பில் இரண்டு தரம் நன்றி. மிச்சத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது ஏலக்காரருடையது. அப்பா, இந்தாங்க மைக். பெட்டியைக் கிட்ட வைங்க. அழுத்துங்க.

"மூணு தரம்! எல்லாருக்கும் வணக்கம்."